சில்வியாவின் நைட்டி

அன்றைக்குச் சாயங்காலம் டைகர் சில்வியாவைப் பார்த்துக் குரைத்தது.

டைகர் என்பது பேருக்குத்தான். கோழி சிலிர்த்துக்கொண்டு வந்தால்கூட ஒதுங்கிப் போகிற சாது நாய் அது. சில்வியா ரயிலை விட்டிறங்கி, தங்கச் சுரங்கத்துக் கழிவுமண் குவிந்த சைனைட் மேட்டை ஒட்டிய மண்பாதையில் நடந்து வரும்போதே வாசனை பிடித்து, வாலை ஆட்டிக்கொண்டு பாதி வழிக்கு ஓடுவது அதன் வழக்கம். இன்றைக்கு அது வேலிப் படலுக்கு உள்ளே முன்னங்கால்களை ஊன்றி, பிடரி மயிர் நட்டுக்கொள்ள, பட்டிக்குள் நரி புகுந்த மாதிரி குரைத்தது. டிசம்பர் பனி அதற்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. ஆட்டுக் கொட்டகையிலிருந்து ஈர மயிரும் பால் கவிச்சியும் புழுக்கையும் கலந்த நெடி கனமாக வந்துகொண்டிருந்தது. சில்வியா படலைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"டேய் டைகர், நான்டா," என்றாள்.

நாய் குரலை இன்னும் உயர்த்தியது.

வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற பாக்கியவதி நாயை அதட்டியிருக்கலாம். ஒரு 'ச்சூ' போதும். அவள் சொல்லவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ இனிப்பாக இறங்கியது. அதை அவசரமில்லாமல் ருசித்துக்கொண்டு நின்றாள். சில்வியா அவளுக்கு ஓரகத்தி, கொழுந்தன் ஜெயகரனின் மனைவி. இடுப்பில் இருந்தது சில்வியா பெற்ற குழந்தை.

சில்வியா எப்படியோ நாயைத் தாண்டி உள்ளே வந்து கையை நீட்டினாள். "பாப்பா, வா. அம்மாகிட்ட வா."

குழந்தை அந்தக் கைகளைப் பார்த்தது. பிறகு திரும்பி, பாக்கியவதியின் கழுத்தடியில் முகத்தை அழுத்திப் புதைத்துக்கொண்டது.

"தூக்கக் கலக்கம். அப்பால வருவா, விடு," என்றாள் பாக்கியவதி.

சில்வியாவின் கண் பாக்கியவதியின் உடம்பில் ஓடியது. "க்கா, அது என் நைட்டி இல்ல?"

"என்னுது ஒண்ணும் காயல. இந்தப் பனியில எங்க காயுது?"

பச்சைப் பொய். அவளுடைய துணியெல்லாம் பெட்டிக்குள் மொறமொறவென்று காய்ந்து மடிந்து கிடந்தது.

கதை நாயிலிருந்து தொடங்கவில்லை. அதற்கு ஆறேழு மாதம் முன்னால், ஜூன் மழையில் தொடங்கியது. ஜெயகரன் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போனான். பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். அண்ணன் மாணிக்கராஜ் மைனில் லெவல் லெவலாக இறங்கி வேலை பார்த்தவர். மைன் இன்றைக்கோ நாளைக்கோ மூடிவிடும் என்ற பேச்சு வந்ததும் முன்கூட்டியே கணக்கு முடித்துக்கொண்டு, ஆண்டர்சன்பேட்டை தாண்டி ஒரு துண்டு நிலத்தில் குறும்பாடு வளர்க்க வந்துவிட்டார். "கேஜ் ஏறி மைனுக்குள்ள இறங்கினவன் இப்ப ஆட்டுக்குப் பின்னால இறங்கிட்டான்" என்று மைன் தொழிலாளர் குடியிருந்த ஸ்கெலட்டன் லைனில் அவரைக் கிண்டலடிக்காத ஆள் கிடையாது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குறும்பர் வீட்டுக் கிருஷ்ணப்பா சொல்லிக்கொடுத்தபடி கற்றுக்கொண்டார். மழைக்காலத்தில் குளம்பிடுக்கு அழுகாமல் இருக்க மயில்துத்தத் தண்ணீரில் ஆடுகளை நடத்துவது, மழை ஓய்ந்தபின் பசும்புல்லில் வயிறு ஊதாமல் பார்த்துக்கொள்வது, பனிக்காலத்தில் குட்டி எடுப்பது, வெயில் ஏறுமுன் ஏரியில் கழுவி மயிர் கத்தரித்துக் கம்பளி நெய்கிறவர்களுக்கு அனுப்புவது என்று வருஷம் ஒரு வட்டமாகச் சுற்றியது.

அந்த வட்டத்துக்குள் பாக்கியவதிக்கு இல்லாதது ஒன்றே ஒன்றுதான். பட்டியில் கிழட்டு ஆடுகூட குட்டி போட்டது. அவள் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. கோயிலில் ஜெபம், வேலூரில் வைத்தியம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை. மற்றவர்கள் பேசினால் எழுந்து போய்விடுவாள்.

சில்வியாவுக்குப் பெங்களூரில் தையல் ஃபாக்டரியில் வேலை கிடைத்தது. விடிவதற்குள் ரயில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். பகல் முழுக்கக் குழந்தை பாக்கியவதியிடம். புட்டிப்பால் கலக்குவது, கழுவுவது, துடைப்பது, சளிக்கு நெற்றியில் பற்று போடுவது, ஏணையை ஆட்டி ஆட்டித் தோள் இற்றுப்போவது எல்லாம் அவள். சாயங்காலம் படல் கிறீச்சிட்டால் போதும். குழந்தை காலை உதைத்துக்கொண்டு, இவளைத் தள்ளிக்கொண்டு, சில்வியாவின் மேல் பாயும். அந்தச் சின்னக் கை இவளைத் தள்ளுகிற தள்ளு இருக்கிறதே, அதில்தான் வயிறு எரியும். பகலெல்லாம் செய்தவள் நான், பார்த்ததும் பல்லைக் காட்டுவது அவளிடமா? சில்வியா கதவோரம் உட்கார்ந்து நைட்டியின் முன்பக்க ஜிப்பை இறக்கிப் பால் கொடுப்பாள். மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம் அடுப்படிவரை கேட்கும். பாக்கியவதி பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவுவாள்.

நவம்பரில் ஆடுகள் குட்டி போட ஆரம்பித்தன. நெற்றிச் சுட்டி ஆட்டின் குட்டி செத்துப் பிறந்தது. இன்னொரு பக்கம் ஒரு குட்டிக்குத் தாய் செத்துப்போயிருந்தது. அநாதைக் குட்டியைச் சுட்டியிடம் விட்டபோது அது மோந்து பார்த்து, தலையால் முட்டிச் சுவரோரம் தள்ளியது. மாணிக்கராஜ் பதறவில்லை. செத்த குட்டியைத் தோலுரித்தார். தோலில் கால் நுழைய ஓட்டை போட்டு, உயிரோடிருந்த குட்டிக்குச் சட்டை மாதிரி மாட்டினார். இரத்தம் காயாத அந்தச் சட்டையோடு குட்டி தள்ளாடிப் போய் நின்றது. சுட்டி அதன் வாலடியை மோந்தது. ரொம்ப நேரம் மோந்தது. பிறகு தொண்டைக்குள் ஒரு மெல்லிய கனைப்பு. மடியை விட்டுக்கொடுத்தது.

"அதுக்குத் தெரியாதா, இது வேற குட்டின்னு?" என்று கேட்டாள் பாக்கியவதி.

"ஆட்டுக்குக் கண்ணு இன்னாத்துக்கு மே? மூக்குதான் அதுக்கு எல்லாம். தன் பால் குட்டி உடம்புல ஓடுனப்பறம் தோலைக் கழட்டிடலாம். அப்பால குட்டியோட வாசனையையே சேத்துக்கும்."

மறுநாள் சில்வியா ரயிலுக்குப் போனதும், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய நைட்டியைப் பாக்கியவதி எடுத்தாள். காப்பிக்கலரில் வெள்ளைப் பூப் போட்டது. சில்வியா இரவெல்லாம் போட்டிருந்த சூடுகூட அதில் இன்னும் ஆறவில்லை. வியர்வை, பவுடர், நெஞ்சுப் பக்கத்தில் புளித்த பால். குமட்டியது. தலைவழியாக மாட்டிக்கொண்டாள்.

ஏணையில் சிணுங்கிக்கொண்டிருந்த குழந்தை சட்டென்று நின்றது. மூக்கு விடைத்தது. கையை நீட்டியது. தூக்கியதும் கழுத்தடியில் முகத்தை வைத்து, பெருமூச்சு விட்டு, ஒரு தாலாட்டும் இல்லாமல் தூங்கிப்போனது. அந்தப் பாரம் மார்பில் தளர்ந்து கிடந்தபோது பாக்கியவதிக்கு அழுகை வந்தது. சந்தோஷம்தான். சந்தோஷத்துக்கும் அப்படி அழுகை வரும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

முதலில் சில்வியா வருவதற்குள் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவாள். பிறகு கொஞ்சம் தாமதித்தாள். பிறகு கழற்றவே மனம் வரவில்லை. நாய் குரைத்தது அதற்குப் பிறகுதான்.

கிறிஸ்துமஸுக்கு மாணிக்கராஜ் வாசலில் காகித நட்சத்திரம் கட்டினார். அன்று மத்தியானம் எல்லோருக்கும் இலை போட்டுப் பிரியாணி வைத்தார்கள். எல்லோருக்கும் என்றால், சில்வியாவுக்கு இலை போடவில்லை. இலை போட்ட மாணிக்கராஜ் வேண்டுமென்று செய்யவில்லை. சில்வியா எதிரிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் அவளைக் கடந்து கைகழுவப் போனார், நாற்காலியைக் கடப்பது மாதிரி. "மாமா," என்று அவள் கூப்பிட்டபோது திடுக்கிட்டுத் திரும்பி, யாரையோ தேடுகிறவர்போலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "அட, நீயா. எப்ப வந்தே?" என்றார்.

அவள் காலையிலிருந்து அங்கேதான் இருந்தாள். பிரியாணிக்கு வெங்காயம் உரித்ததே அவள்தான்.

பாக்கியவதி இலையை எடுத்துப் போட்டாள். பரிமாறினாள். கை என்னவோ பரிமாறியது, மனம் உள்ளுக்குள் சிரித்தது. அப்படியே தேயட்டும் என்றுகூட நினைத்தாள். நினைத்ததை மறைக்க வேண்டிய ஆள் அந்த வீட்டில் யாரும் இல்லை.

சில்வியா இளைத்தாள். பேச்சுக் குறைந்தது. ஜனவரியில் ஒரு சாயங்காலம், பனி கொட்டகைக் கூரைவரை இறங்கி ஆடுகளின் முதுகெல்லாம் நரைத்துத் தெரிந்தபோது, அடுப்படி வாசலில் வந்து நின்றாள். அவள் வந்தது பாக்கியவதிக்குத் தெரியவே இல்லை. காலடிச் சத்தம் கேட்டது. ஆனால் ஆள் வந்தால் வருமே ஒரு வெதுவெதுப்பு, அது இல்லை.

"க்கா. ஃபாக்டரியில என் மிஷின்ல வேற பொண்ணை உட்கார வெச்சிட்டாங்க. சூப்பர்வைசர் என்னைப் பாத்து, யாரும்மா நீ, உள்ள எப்படி வந்தேன்னு கேக்கறாரு. இத்தனை மாசமா பாத்துகினு இருந்தவரு க்கா."

"ஆள் குறைக்கிறாங்க போல. நாடகம் ஆடறாங்க."

"ரயில்ல என் மேலயே வந்து உட்கார்றாங்க." சில்வியா தன் மணிக்கட்டை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள். பிறகு கையை நீட்டினாள். "நீங்க மோந்து பாருங்க. என் மேல ஒரு வாசனையும் இல்ல. சோப்பு வாசனைகூட நிக்க மாட்டேங்குது."

பாக்கியவதி குனிந்து முகர்ந்தாள். குளிர்ந்த காற்று. அவ்வளவுதான். ஒரு பாறையை முகர்ந்த மாதிரி இருந்தது. முதல்முறையாக அவள் முதுகுத்தண்டில் பயம் ஊர்ந்தது.

"என் நைட்டியைக் குடுங்க க்கா," என்றாள் சில்வியா. கெஞ்சவில்லை, அலுத்துப்போன குரல்.

கொடுத்திருக்கலாம். அப்போது கொடுத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமோ என்னவோ. அறைக்குள் குழந்தை விழித்துக்கொண்டு "ம்மா" என்றது. அந்தச் சொல் போதும், பாக்கியவதியின் மனசு கல்லாக. "தோய்க்கப் போட்டிருக்கேன்" என்றாள், அதை உடம்பில் போட்டுக்கொண்டே.

அன்று ராத்திரி தன் பாயில் குழந்தை இருந்தபோது பாக்கியவதியின் மார்புப் பக்கம் ஈரமானது. தொட்டாள். பிசுபிசுப்பு. விரலை நாக்கில் வைத்தாள். பால். அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பால் ஊறாத மார்பிலும் பால் ஊறிய கதைகளை ஜெபக் கூட்டத்தில் சாட்சியாகச் சொல்லக் கேட்டிருக்கிறாள். தேவனே, எனக்கா? ஜிப்பை இறக்கினாள்.

அவள் மார்பு வறண்டு கிடந்தது. அமுக்கிப் பார்த்தாள். ஒரு துளி இல்லை.

துணிதான் நனைந்திருந்தது. பார்க்கப் பார்க்க ஈரம் வட்டமாகப் பரவியது. குழந்தை தூக்கத்திலேயே உருண்டு வந்து, அவளுடைய மார்பைத் தாண்டி, துணியின் ஓரத்தை வாயில் கவ்வியது. மடக். மடக்.

இதுவும் அவளுடையதா என்றுதான் பாக்கியவதிக்குத் தோன்றியது. பயத்துக்கும் முன்னால் அதுதான் தோன்றியது. அவள் விலக்கவில்லை. துணியைப் பிடித்துக்கொடுத்தாள்.

பிப்ரவரி கடைசியில் மைனை மூடிவிட்டார்கள். ஊருக்கே பொழுது சொல்லிக்கொண்டிருந்த ஷிப்ட் சங்கு நின்றுபோனது. மாணிக்கராஜ் சங்கு ஊதும் நேரமானால் வேலையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். பிறகு தலையை ஆட்டிவிட்டுத் தொடர்வார். அந்த நிசப்தத்தில் பட்டியின் சத்தங்கள் பெரிதாகக் கேட்டன. அசை போடுவது, இருமுவது, கம்பத்தில் உடம்பைத் தேய்ப்பது. அவற்றுக்கு நடுவே யாரோ மூக்கை உறிஞ்சுவது. சில்வியா இப்போது வேலைக்குப் போவதில்லை. கத்தரித்த மயிர் போட்டுவைக்கிற கொட்டகையில், சாக்குகளின் மேல் படுத்துக்கொள்கிறாள். யாரும் போகச் சொல்லவில்லை. வரச் சொல்லவும் யாருக்கும் நினைவில்லை.

மார்ச்சில் கிருஷ்ணப்பா கத்தரிகளோடு வந்தார். ஏரியில் கழுவிக் காயவைத்த ஆடுகளை ஒவ்வொன்றாகக் கால்மாட்டில் போட்டு, மயிரைப் போர்வையாக உருட்டி எடுத்தார். கத்தரிபட்டு எழுந்த ஆடுகள் ஒல்லியாக, வெளிறி, வேறு ஏதோ பிராணி மாதிரி நின்றன. குட்டிகள் தாயைக் கண்டுபிடிக்க முடியாமல் பட்டி முழுக்க ஓடி ஓடிக் கத்தின. அந்தக் கத்தலில் நிற்க முடியவில்லை. சைனைட் மேட்டிலிருந்து காற்று கிளம்பி, வெள்ளைத் தூசு எல்லாவற்றின் மேலும் படிந்தது.

பாக்கியவதி மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். சுட்டியின் தத்துக்குட்டி துள்ளி ஓடுவதைப் பார்த்து, சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள். "தோல் போத்துறீங்களே, செத்த குட்டியோடதுதான் போத்தணுமா?"

கிருஷ்ணப்பா கத்தரியை நிறுத்தினார். "உசுரோட கீற குட்டி வாசனையை எடுத்து இன்னொண்ணு மேல பூசக்கூடாதம்மா. எங்க தொட்டப்பா, எங்கப்பாவோட அண்ணன், ஒரு வாட்டி பண்ணாரு. தாய் இதைச் சேத்துகினுச்சு. அசல் குட்டி கத்துது, கத்துது, திரும்பிப் பாக்கல. முட்டக்கூட இல்ல. முட்டுனா பரவால்லையே, இருக்குன்னு தெரிஞ்சாதான முட்டும்? அதும்மேலயே படுத்துச்சு."

"அப்பறம்?"

"அதோட போச்சா? போத்துன குட்டியையும் அப்பறம் அதுக்குத் தெரியல. வாசனை மட்டும் போதும்னு ஆயிடுச்சு, அப்பறம் ஆடு எதுக்கு?" அவர் தம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, நைட்டியைப் பார்த்தார். "அது கெடக்கட்டும் சில்வியாம்மா, உங்க அக்கா எங்க? ரொம்ப நாளா ஆளையே காணோமே?"

"நான்தான், பாக்கியவதி," என்றாள். கிருஷ்ணப்பா நல்ல வேடிக்கை கேட்டவர்போலச் சிரித்துவிட்டு அடுத்த ஆட்டை இழுத்தார்.

வீட்டுக்குள் வந்தாள். மாணிக்கராஜ் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "சில்வியா, உங்க அக்காளை எங்கேயாவது பாத்தியாம்மா?" என்று கேட்டார். இருபது வருஷம் குடித்தனம் நடத்தின மனுஷன். குரலில் கரிசனம் இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். என்னைப் பார் என்றாள். பார்க்கவில்லை. கன்னத்தைப் பிடித்துத் திருப்பினாள். கண்கள் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கி, கழுத்துப்பட்டைக்கே போயின. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இத்தனை மாதத்தில் குழந்தை ஒரு தடவைகூட அவள் முகத்தைப் பார்த்ததில்லை. சிரித்ததெல்லாம் காப்பிக்கலர்த் துணியிடம். 'ம்மா' என்றதெல்லாம் அந்தப் பூக்களிடம். இவள் தோள் இற்றுச் சம்பாதித்த ஒவ்வொரு முத்தமும் சில்வியாவின் பேரில்தான் வரவாகியிருக்கிறது.

பொறாமை அவளை நிமிர்ந்து உட்காரவைத்தது. போதும். பால் ஓடியாகிவிட்டது. தோலைக் கழற்ற வேண்டிய காலம் எப்போதோ தாண்டிவிட்டது. இனி குழந்தை அவளை, பாக்கியவதியை, அவள் முகத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளட்டும்.

பொழுது சாய்கிற நேரம். குழந்தையை நாற்காலியில் உட்காரவைத்தாள். நைட்டியைக் கழற்றினாள். கழுத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்தது, பிளாஸ்திரி மாதிரி. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். ஆணியில் மாட்டப் போனவள், குழந்தை அழக்கூடாதே என்று நாற்காலியின் முதுகில் போட்டாள். பாவாடையை மார்புவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு, பெட்டியிலிருந்த தன் சேலையோடு பின்பக்கத் துவைகல்லுக்குப் போனாள். தண்ணீர் சில்லென்றிருந்தது. சிவப்பு சோப்பைத் தேய்த்தாள். சீயக்காய். மறுபடி சோப்பு. தோல் சிவக்கத் தேய்த்து, சேலையை உடுத்திக்கொண்டு, ஆசையாகத் தன் கையை முகர்ந்து பார்த்தாள்.

குளிர்ந்த காற்று.

தோளை முகர்ந்தாள். சேலையை முகர்ந்தாள். கூந்தலை இழுத்து மூக்கில் வைத்தாள். சீயக்காய்கூட இல்லை.

முன்பக்கம் ஓடினாள். டைகர் வாசலில் படுத்திருந்தது. குரைக்கும் என்று நினைத்தாள். குரைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். நாய் தலைகூடத் தூக்கவில்லை. அவள் அதைத் தாண்டினாள். காது ஆடவில்லை.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"இன்னாங்க, கதவைத் தொறங்க. நான்தான்." தட்டினாள். "நான் பாக்கியவதி."

உள்ளே மாணிக்கராஜின் குரல் கேட்டது. அவளுக்குப் பதில் சொல்கிற குரல் இல்லை. "காத்து பலமா அடிக்குதும்மா சில்வியா. கதவு ஆடுது பாரு. பாப்பாவைப் பத்திரமா புடிச்சிக்க."

பாக்கியவதியின் கை கதவில் நின்றுபோனது.

யாரிடம் பேசுகிறார்?

சன்னல் பக்கம் போனாள். அங்கே ஏற்கனவே ஒருத்தி நின்றிருந்தாள். கம்பியைப் பிடித்த விரல்கள் குச்சிகளாக இருந்தன; தலையிலும் தோளிலும் ஆட்டு மயிர்த் துணுக்குகளும் வெள்ளைத் தூசும். சில்வியா திரும்பிப் பார்த்தாள். இத்தனை நாளில் யாராவது தன்னைப் பார்ப்பது அவளுக்கு அதிசயமாக இருந்திருக்க வேண்டும். கோபம் இல்லை அந்த முகத்தில். கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டாள்.

"சத்தம் போடாதீங்க க்கா," என்றாள். "பால் குடிக்குது."

பாக்கியவதி கம்பிகளில் முகத்தை வைத்தாள்.

உள்ளே விளக்கு எரிந்தது. மாணிக்கராஜ் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தார். ஒரு தட்டு தனக்கு. இன்னொரு தட்டு நாற்காலிக்கு எதிரே.

நாற்காலியில் நைட்டி உட்கார்ந்திருந்தது.

முதுகில் போட்ட துணி போலச் சரிந்து கிடக்கவில்லை. உட்கார்ந்திருந்தது. தோள் இருந்தது. தோளுக்கு மேல் ஒன்றும் இல்லை. முழங்கால் மடிப்பு இருந்தது, கீழே கால் இல்லை. ஜிப் பாதி இறங்கியிருந்தது. உள்ளே இருட்டு. அந்த இருட்டில் முகத்தை வைத்துக் குழந்தை குடித்துக்கொண்டிருந்தது.

மடக். மடக். மடக்.

"பாப்பா," என்றாள் பாக்கியவதி. சொன்னாளா, நினைத்தாளா, அவளுக்கே தெரியவில்லை. "பாப்பா. என்னைப் பாரு."

சத்தம் நின்றது. குழந்தை வாயை எடுத்தது. உதட்டோரம் பால் வழிய, மெதுவாகத் திரும்பி, சன்னலைப் பார்த்தது. நேராக அவள் முகத்தைப் பார்த்தது. கண்ணுக்குக் கண்.

பாக்கியவதி சிரித்தாள்.

குழந்தையின் கீழுதடு பிதுங்கியது. முகம் கோணியது. வீறிட்டு, திரும்பி, அந்த வெறும் மார்பில் முகத்தை மறைத்துக்கொண்டது.

நைட்டியின் காலிக் கை மெல்ல உயர்ந்து, குழந்தையின் முதுகில் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தது.